12 இன்ச் ஊஃபர்: 40 ஹெர்ட்ஸ் பக்கம் கோன் நிற்கிறது, 28-ல் பாய்கிறது. எத்தனை வாட்டில் எவ்வளவு தூரம் போகும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

கேள்வி

வணக்கம். வீட்டு ஹாலுக்காக ஒரு 12 இன்ச் ஊஃபர் (தாழ்ந்த ஒலிகளுக்கான ஸ்பீக்கர்) வாங்கி நானே பெட்டி அடித்தேன். 18 மி.மீ. பிளைவுட், உள்ளே 75 லிட்டர், முன்பலகையில் 10 செ.மீ. உள்விட்டம் உள்ள பிவிசி பைப் ஒன்று போர்ட்டாக (காற்று போய்வரும் வாயாக). 40 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் பைப்பை வெட்டினேன். பாட்டு கேட்க நன்றாகவே இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை சைன் டோன் (ஒரே அதிர்வெண் உள்ள ஒலி) போட்டுப் பார்த்தபோதுதான் குழப்பம் ஆரம்பித்தது. ஆம்ப் வால்யூமைத் தொடாமல் டோனை மட்டும் 100-லிருந்து இறக்கிக்கொண்டே வந்தேன். 60, 55 பக்கம் கோன் (ஸ்பீக்கரின் ஆடும் கூம்பு) நன்றாக ஆடுகிறது. 40-க்கும் 45-க்கும் நடுவில் ஓர் இடத்தில் விரல் வைத்துப் பார்த்தால்தான் அசைவே தெரிகிறது, ஆனால் சத்தம் குறையவில்லை, பைப் வாயில் கையைக் காட்டினால் காற்று அடிக்கிறது. இன்னும் இறக்கி 28-க்கு வந்தால் கோன் முன்னும் பின்னும் பாய்கிறது, காதுக்கோ பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மல்டிமீட்டரில் 25 வோல்ட் காட்டும்போது "டக் டக்" என்று உள்ளே எதிலோ மோதுகிற சத்தம். பயந்து நிறுத்திவிட்டேன்.

25 வோல்ட், 8 ஓம் என்றால் 80 வாட் கூட வரவில்லை. டேட்டா ஷீட்டில் 300 வாட் ஆர்எம்எஸ் என்று போட்டிருக்கிறது. மற்ற எண்கள்: எஃப்எஸ் (ஊஃபரின் சொந்த ஒத்ததிர்வு) 40 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் (அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதற்கான எண்) 0.38, விஏஎஸ் (கோனைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷனின் விறைப்புக்குச் சமமான காற்று) 90 லிட்டர், ஆர்இ (காயில் கம்பியின் தடை) 5.3 ஓம், பிஎல் (காந்தமும் காயிலும் சேர்ந்து தள்ளும் வலு) 15, எம்எம்எஸ் (ஆடும் பாகங்களின் எடை) 70 கிராம், எஸ்டி (கோனின் பரப்பு) 530 ச.செ.மீ., எக்ஸ்மேக்ஸ் (கோன் ஒரு பக்கத்துக்குச் சீராகப் போகக்கூடிய தூரம்) 6 மி.மீ.

டிரைவரில் (ஊஃபரில்) கோளாறா, பெட்டியில் கோளாறா? இந்த அதிர்வெண்ணில், இத்தனை வாட்டில், கோன் இத்தனை மில்லிமீட்டர் போகும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா? சாஃப்ட்வேரில் கோடு வருகிறது, ஆனால் அது எப்படி வருகிறது என்று புரியாமல் நம்ப மனம் வரவில்லை.

பதில் 1

டிரைவரும் சரி, பெட்டியும் சரி. போர்ட் வைத்த பெட்டி எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே நடந்துகொள்கிறது, நீங்கள் அதைக் கண்ணால் பார்த்துவிட்டீர்கள்.

முதலில் வாட்டை மறந்துவிட்டு வோல்ட்டில் யோசியுங்கள். கோன் போகும் தூரம் வோல்ட்டுக்கு நேர் விகிதம். வோல்ட் இரண்டு மடங்கானால் தூரம் இரண்டு மடங்கு, அதுவே வாட்டில் சொன்னால் நாலு மடங்கு. அதனால் 100 வாட்டுக்கு ஒரு தடவை கணக்குப் போட்டுவிட்டால் போதும், 25 வாட்டுக்கு அதில் பாதி, 400 வாட்டுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு.

அதிர்வெண் விஷயம் வேறு. காதுக்கு வரும் சத்தம் கோனின் முடுக்கத்தைப் பொறுத்தது, தூரத்தை அல்ல. அதே சத்தத்தைப் பாதி அதிர்வெண்ணில் எடுக்க வேண்டுமானால் கோன் நாலு மடங்கு தூரம் போக வேண்டும். உங்கள் 530 ச.செ.மீ. கோன், போர்ட் உதவி இல்லாமல், பக்கத்துக்கு 6 மி.மீ. ஆடினால் தரையில் வைத்த பெட்டியிலிருந்து 1 மீட்டரில் 80 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 115 டெசிபெல் வரும். அதே 6 மி.மீ. 40 ஹெர்ட்ஸில் 103-க்குக் கொஞ்சம் கீழே, 20 ஹெர்ட்ஸில் 91-க்கும் கீழே. 28 ஹெர்ட்ஸில் கோன் பாய்ந்தும் ஒன்றும் கேட்காததற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், அங்கே பைப்பிலிருந்து வரும் காற்று கோனுக்கு எதிர்த் திசையில் வந்து மிச்சச் சத்தத்தையும் தின்றுவிடுகிறது.

இப்போது கணக்கு. 8 ஓமுக்கு 100 வாட் என்றால் 28.3 வோல்ட், உச்சத்தில் 40 வோல்ட். காயிலைத் தள்ளும் விசை என்பது பிஎல் × வோல்ட் ÷ ஆர்இ, அதாவது 15 × 40 ÷ 5.3 = 113 நியூட்டன். சஸ்பென்ஷனின் விறைப்பு எவ்வளவு? எஃப்எஸ்ஸும் எம்எம்எஸ்ஸும் தெரிந்தால் போதும்: (2 × 3.14 × 40) என்பதை வர்க்கப்படுத்தி 0.07 கிலோவால் பெருக்கினால் மீட்டருக்கு 4420 நியூட்டன். 113-ஐ 4420-ஆல் வகுத்தால் 25.6 மி.மீ. பெட்டியே இல்லாமல், மிக மிக மெதுவாகத் தள்ளினால் கோன் போயிருக்க வேண்டிய தூரம் இது. (போகாது, அதற்கு முன்பே மோதிவிடும். கணக்குக்கு இது ஆரம்பப் புள்ளி, அவ்வளவுதான்.)

ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் இந்த 25.6-ஐ ஓர் எண்ணால் வகுக்க வேண்டும். அதிர்வெண்ணை 40-ஆல் வகுத்து வருவதை "வி" என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதி: 1 − வி² − 1.2 × வி² ÷ (1 − வி²). இன்னொரு பகுதி: வி ÷ 0.38. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் அதுதான் வகுக்கும் எண். 1.2 எங்கிருந்து வந்தது என்றால், விஏஎஸ் 90-ஐப் பெட்டி 75-ஆல் வகுத்தது. எஃப்எஸ்ஸும் ட்யூனிங்கும் இரண்டுமே 40 என்பதால் சூத்திரம் இவ்வளவு சுருக்கமாக வந்தது, வேறாக இருந்தால் கடைசித் துண்டில் மட்டும் ட்யூனிங் அதிர்வெண்ணால் வகுத்த வி-யைப் போடுங்கள். போர்ட் இல்லாத மூடிய பெட்டி என்றால் அந்தக் கடைசித் துண்டை எடுத்துவிட்டு வெறும் 1.2-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்.

100 வாட்டுக்கு, அதாவது 28.3 வோல்ட்டுக்கு, எனக்கு வந்தவை: 100 ஹெர்ட்ஸில் 3.4 மி.மீ., 80-ல் 4.7, 55-ல் 6.4, 50-ல் 6, 40-ல் கிட்டத்தட்ட பூஜ்யம் (நிஜத்தில் பெட்டியின் கசிவு, உராய்வு காரணமாகக் கொஞ்சம் இருக்கும்), 35-ல் 5.9, 30-ல் 11.3, 28-ல் 13.1, 25-ல் 15.5, 20-ல் 18.8. எல்லாம் ஒரு பக்கத்துக்கு, உச்ச அளவு.

நீங்கள் கண்ணால் பார்த்ததும் இதேதான். 40-ல் பைப்புக்குள் இருக்கும் காற்றும் பெட்டிக் காற்றும் சேர்ந்து ஒத்ததிர்ந்து கோனைப் பிடித்து நிறுத்துகின்றன, வேலை முழுவதும் பைப் செய்கிறது. அதற்குக் கீழே போகப் போகக் காற்று பைப் வழியாகச் சும்மா உள்ளே வெளியே போய்வருகிறது, பெட்டியில் ஓட்டை போட்ட மாதிரி. கோனுக்குப் பின்னால் பிடிமானம் இல்லை.

300 வாட்டுக்கு எல்லாவற்றையும் 1.73-ஆல் பெருக்குங்கள். 80-ல் 8.1 மி.மீ., 100-ல் 5.8. அதாவது சைன் டோனாகக் கொடுத்தால் அந்த 300 வாட்டை 6 மி.மீ.க்குள் தாங்குவது 40-ஐ ஒட்டிய சின்ன இடத்தை விட்டால் 100 ஹெர்ட்ஸுக்கு மேலேதான். ஷீட் பொய் சொல்லவில்லை. அந்த எண் காயில் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதற்கானது, பிங்க் நாய்ஸ் (எல்லா அதிர்வெண்ணும் கலந்த இரைச்சல்) மாதிரியான சிக்னலில் மணிக்கணக்காக ஓட்டிப் பார்த்துப் போடுவது. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று இதில் உண்டு, சொல்லாமல் விட முடியாது. போர்ட் பெட்டியின் இம்பீடன்ஸ் (ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் டிரைவர் காட்டும் மின்தடை) கோட்டில் இரண்டு மேடு இருக்கும், உங்கள் எண்களுக்கு 24-லும் 67-லும் வருகின்றன. அந்த 24 ஹெர்ட்ஸ் மேட்டில் இம்பீடன்ஸ் 50, 60 ஓம் வரை ஏறும். அங்கே 28.3 வோல்ட் கொடுத்தால் டிரைவருக்குள் உண்மையில் போவது 15 வாட் அளவுதான், ஆனால் கோன் 15 மி.மீ.க்கு மேல் பாய்கிறது. வாட்டை வைத்து எக்ஸ்கர்ஷனை (கோன் போகும் தூரத்தை) யோசிக்கக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

இந்தக் கணக்கு முழுவதும் நெவில் தீல் 1961-ல் ஆஸ்திரேலியாவில் வெளியிட்ட வேலையிலிருந்து கிளம்பியது. ரிச்சர்ட் ஸ்மால் 1972, 73-ல் எழுதிய கட்டுரைகளில் இந்த இடப்பெயர்ச்சி வரம்பைத் தனியாகப் பிரித்து வைத்தார். நம் சாஃப்ட்வேர்களுக்குள் ஓடுவதும் இதுதான், அதனால் அந்தக் கோட்டை நம்பலாம்.

பதில் 2

தம்பி, நான் மைக் செட் தொழிலில் 22 வருஷமாக இருக்கிறேன், மேலே உள்ளவர் சொன்ன சூத்திரம் எனக்குத் தெரியாது, ஆனால் அவர் சொல்வது அத்தனையும் என் கடை மேஜைமேல் கிடக்கிறது.

ஊஃபர் செத்து வரும்போது பிரித்துப் பார்த்தால் இரண்டு வகை. ஒன்று காயில் கருகியது. பிரிக்கும்போதே வாசனை அடிக்கும், கம்பி கறுத்து வார்னிஷ் உரிந்து இருக்கும், அது வாட் அதிகமானதால். இன்னொன்று, வாசனையே இருக்காது, கம்பி புதுசு மாதிரி பளபளவென்று இருக்கும், ஆனால் பாபினின் (காயில் சுற்றியிருக்கும் குழலின்) அடி நுனி மட்டும் தகரத்தைச் சுத்தியால் தட்டியது மாதிரி மடங்கி இருக்கும். கோன் பின்னால் போய்ப் பின்தகட்டில் மோதியது அது. உங்களுக்குக் கேட்ட "டக் டக்" அதுதான். ஒரு நிமிஷம் விட்டிருந்தால் பாபின் மடங்கி காயில் கேப்பில் (காந்தத்தின் இடுக்கில்) உரசியிருக்கும், அப்புறம் ரீகோன்தான், அதாவது கோனையும் காயிலையும் மாற்றுவதுதான் வழி.

ஒரு கோயில் திருவிழாவில் என் பேஸ் பின் (பேஸ் பெட்டி) இரண்டு அப்படிப் போயிற்று. ஆம்ப் வரம்பு மீறினால் எரியும் கிளிப் லைட் ஒரு தடவை கூட எரியவில்லை. மேடையில் யாரோ மைக் ஸ்டாண்டை இடித்து இடித்து நகர்த்தியிருக்கிறார்கள், அந்த மைக்குக்கு லோ கட் போடாமல் விட்டது நான்தான். ஸ்டாண்ட் இடிக்கிற சத்தம் எல்லாம் 20, 30 ஹெர்ட்ஸ். ஆள் காதுக்குத் தெரியாது, கோனுக்குத் தெரியும். அன்றையிலிருந்து எந்தப் பெட்டியாக இருந்தாலும் ட்யூனிங்குக்குக் கொஞ்சம் கீழே 24 டெசிபெல் சரிவில் ஹை பாஸ் (கீழ் அதிர்வெண்களை வெட்டும் ஃபில்டர்) போடாமல் வயர் மாட்டுவதில்லை. உங்களுக்கு 35 ஹெர்ட்ஸ் சரியாக இருக்கும்.

பதில் 1 (மறுபடியும்)

அண்ணன் சொன்ன 35 ஹெர்ட்ஸைக் கணக்கில் போட்டுப் பார்த்தேன், பட்டர்வொர்த் வகை ஃபில்டர், 24 டெசிபெல். அதே 28.3 வோல்ட்டில் 30 ஹெர்ட்ஸில் 11.3 இருந்தது 5.4 ஆகிறது. 28-ல் 5, 25-ல் 3.9, 20-ல் 2. 55 ஹெர்ட்ஸில் ஒன்றும் குறையவில்லை, 6.4. ஆக 100 வாட் வரை முழுப் பட்டையும் ஏறக்குறைய எக்ஸ்மேக்ஸுக்குள் வந்துவிட்டது. சூத்திரம் தெரியாது என்று சொல்லிவிட்டு எண்ணை மிகச் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

கேள்வி கேட்டவர்

இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. நானே எக்ஸெல்லில் போட்டேன், அதே எண்கள் வந்தன. ஒரு சந்தேகம். இதெல்லாம் காகிதத்தில். நிஜத்தில் கோன் எத்தனை மி.மீ. போகிறது என்று வீட்டிலேயே அளக்க முடியுமா? லேசர் சென்சார் வாங்க வசதி இல்லை. போனை கோன்மேல் ஒட்டி அதில் உள்ள ஆக்ஸிலரோமீட்டரில் பார்க்கலாமா?

பதில் 3

போனை ஒட்டாதீர்கள். உங்கள் கோன், காயில் எல்லாம் சேர்ந்தே 70 கிராம்தான், போன் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் எடை. அதோடு 25 ஹெர்ட்ஸில் 10 மி.மீ. என்றால் முடுக்கம் 25 ஜி வருகிறது, போனுக்குள் இருக்கும் சென்சார் அவ்வளவுக்குச் செய்யப்பட்டதில்லை.

போனைத் தள்ளி வைத்து ஸ்லோ மோஷனில் எடுங்கள். நொடிக்கு 240 பிரேம் என்றால் 25 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 9, 10 படம் கிடைக்கும், உச்சியைப் பிடிக்க அது போதும். இன்னும் நல்லது ஆப்பு முறை, கேமராவே வேண்டாம். விசிட்டிங் கார்டு கனத்தில் ஓர் அட்டையை எடுத்து, 10 செ.மீ. நீளத்தில் ஒரு முனையில் 20 மி.மீ. அகலம், மறுமுனையில் கூர் என்று ஒல்லியான முக்கோணம் வரைந்து கறுப்பாக நிரப்புங்கள். அட்டையை டஸ்ட் கேப்மேல் (கோனின் நடு மூடிமேல்) நிமிர்ந்து நிற்கிற மாதிரி ஒட்டுங்கள், முக்கோணத்தின் நீளவாக்கு கோன் ஆடும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும், அகலம்தான் ஆடும் திசையில் வர வேண்டும். கோன் ஆடும்போது கண்ணுக்கு இரண்டு முக்கோணம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்த மாதிரி தெரியும், இரண்டும் ஒன்றாகும் இடம் மட்டும் அடர் கறுப்பாக இருக்கும். அந்த அடர் கறுப்பின் கூர்முனை எங்கே நிற்கிறதோ அந்த இடத்தில் முக்கோணத்தின் அகலம் எவ்வளவோ, அதுதான் முன் உச்சிக்கும் பின் உச்சிக்கும் இடையே உள்ள மொத்தத் தூரம். பாதியாக்கினால் ஒரு பக்கத்து அளவு. அகலம் 20 மி.மீ. என்பதால் பக்கத்துக்கு 10 மி.மீ. வரை அளக்கலாம்.

மூன்றாவது வழி, அளவீட்டு மைக் வைத்திருந்தால், டஸ்ட் கேப்பை ஒட்டினாற்போல வைப்பது. டான் கீல் 1974-ல் காட்டிய நியர்ஃபீல்டு (மிக அருகில் வைத்து அளக்கும்) முறை. கீழ் அதிர்வெண்களில் அங்கே உள்ள உச்ச அழுத்தம் = காற்றின் அடர்த்தி × (2 × 3.14 × அதிர்வெண்)² × கோனின் ஆரம் × தூரம். அடர்த்தி 1.2, உங்கள் கோனின் பயன்படும் ஆரம் 0.13 மீட்டர். 2.83 வோல்ட் மட்டும் கொடுத்து அளந்து, பத்தால் பெருக்கினால் 100 வாட்டுக்கு என்ன என்று தெரியும். 25 ஹெர்ட்ஸில் 106 டெசிபெல் பக்கம் வரும், மைக் தாங்கும். ட்யூனிங் எங்கே விழுந்திருக்கிறது என்பதும் இதில் தெரிந்துவிடும், அந்த இடத்தில் கோட்டில் ஒரு பள்ளம் விழும்.

பத்தால் பெருக்குவது எதுவரை செல்லும் என்பதில்தான் கவனம் வேண்டும். 5, 6 மி.மீ. வரை கணக்கும் நிஜமும் ஒட்டிப் போகும். அதற்கு மேல் காயில் காந்தத்தின் கேப்பை விட்டு வெளியே போகப் போக பிஎல் குறைகிறது, கோனைப் பிடித்திருக்கும் ஸ்பைடரும் சரவுண்டும் விறைக்கின்றன, அதனால் கோன் கணக்கைவிடக் குறைவாகவே போகும். காயில் சூடானாலும் அப்படியே: செம்பின் தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும், 150 டிகிரி கூடினால் உங்கள் 5.3 ஓம் 8.4 ஆகிவிடும், அதே வோல்ட்டுக்கு விசை குறைந்துவிடும். இது பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குறைகிற அந்த மில்லிமீட்டர் எல்லாம் டிஸ்டார்ஷனாகக் காதில் வந்து விழுகிறது.

எக்ஸ்மேக்ஸ் எண்ணையும் ஒரு தடவை சரிபாருங்கள். ஷீட்டில் காயில் உயரம், கேப் உயரம் இருக்கும். காயில் 20, கேப் 8 என்றால் (20 − 8) ÷ 2 = 6, நேர்மையான எண். சிலர் அதோடு கேப் உயரத்தில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ கூட்டிப் போடுவார்கள், அதே டிரைவர் 8, 8.7 என்று தெரியும். இரண்டு டிரைவரை ஒப்பிடும்போது இதைப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

கேள்வி கேட்டவர்

நேற்று ராத்திரி அளந்தேன். ஆப்பு அட்டை வேலை செய்கிறது! இவ்வளவு எளிமையான ஒன்றை நான் எங்கேயும் படித்ததில்லை. டேபிள் லைட்டைப் பக்கவாட்டில் வைத்ததும் அந்தக் கறுப்பு முனை நன்றாகத் தெரிந்தது.

28 ஹெர்ட்ஸ், 10 வோல்ட்: அட்டையில் 9 மி.மீ., அதாவது பக்கத்துக்கு 4.5. கணக்குப்படி 4.6. அதே 28-ல் 20 வோல்ட்: 16 மி.மீ., பக்கத்துக்கு 8. கணக்குப்படி 9.3 வந்திருக்க வேண்டும். சொன்னது போலவே மேலே போகப் போகக் குறைகிறது. 20 வோல்ட்டில் சத்தம் தெளிவாக மாறிவிட்டது, 28-க்கு மேல் 84 ஹெர்ட்ஸ் மாதிரி ஒன்று கலந்து ஒலிக்கிறது. அதற்கு மேல் ஏற்றவில்லை.

நண்பரிடம் மைக் வாங்கி நியர்ஃபீல்டும் பார்த்தேன். பள்ளம் 40-ல் விழவில்லை, 43-ல் விழுகிறது. பைப்பை 9.5 செ.மீ. வெட்டியிருக்கிறேன். இதை என்ன செய்ய?

பதில் 1

84 என்பது 28-இன் மூன்றாவது ஹார்மானிக் (மூன்று மடங்கு அதிர்வெண்). காயில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெளியே போகிறது என்று அர்த்தம், ஒருபக்கமாகச் சாய்ந்து போயிருந்தால் 56 தூக்கலாக வந்திருக்கும். நல்ல டிரைவர்தான் வாங்கியிருக்கிறீர்கள்.

பைப்புக்கு: 75 லிட்டர், 10 செ.மீ. வாய், 40 ஹெர்ட்ஸ் என்றால் 12 செ.மீ. வேண்டும், இரண்டரை செ.மீ. குறைவாக வெட்டிவிட்டீர்கள். ஒரு கப்ளிங் போட்டு நீட்டிவிடுங்கள். ஆனால் 100 வாட் வரை ஓட்டுவதாக இருந்தால் ஒரே 10 செ.மீ. பைப் போதாது, 40 பக்கம் புஸ் புஸ் என்று காற்றுச் சத்தம் வரும். அதே அளவில் இரண்டு பைப் போட்டால் ஒவ்வொன்றும் 32 செ.மீ. நீளம் ஆகும், பெட்டியின் ஆழம் எவ்வளவு? நேராகப் போகவில்லை என்றால் எல்போ போட்டுத் திருப்ப வேண்டும்.

பதில் 2

ஆழத்தை அளந்து போடுங்கள் தம்பி. பைப்பின் உள்முனைக்கும் பின்பலகைக்கும் நடுவில் குறைந்தது ஒரு பைப் வாய் அகலம் இடம் விடுங்கள். ஹை பாஸ் போட்டாயிற்றா? அது போடாமல் அடுத்த டோன் ஓட்ட வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

போட்டுவிட்டேன் அண்ணா, 35, 24 டெசிபெல், பிளேயரின் டிஎஸ்பியிலேயே (டிஜிட்டல் ஒலிச் செயலியிலேயே). ஆழம் உள்ளே 38 செ.மீ. அப்போது எல்போதான். ஞாயிற்றுக்கிழமை பலகையைக் கழற்றுகிறேன், அளவு எடுத்துவிட்டு இங்கேயே போடுகிறேன்.